மரம் நட்டு இழந்த மலை

ஜனவரி மாதத்துக் காலை, ஆறரை மணி. நீலகிரியின் மேற்கு ஓரத்தில், அப்பர் பவானிக்கு மேலே ஒரு சரிவில் நின்றுகொண்டிருந்தேன். சரிவு நெடுகிலும் உப்பைத் தூவி வைத்தாற்போல் வெள்ளை. இரவெல்லாம் இறங்கிய உறைபனி வெயில் படாமல் புல் நுனிகளில் ஒட்டிக்கிடந்தது. வனத்துறை அனுமதியோடு போயிருந்ததால் வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் துணைக்கு வந்திருந்தார். படகர் இளைஞர், பேச்சு குறைவு. முன்னால் நடந்துகொண்டிருந்தவர் சட்டென்று குனிந்து ஒரு புல் தூரை இரண்டு கையாலும் விலக்கிப் பிடித்தார்.

“உள்ள கையை விட்டுப் பாருங்க சார்.”

மேலே புல் காய்ந்து வைக்கோல் நிறத்தில் இருந்தது. தொட்டால் மொறுமொறுவென்று முறிந்தது. விரலைக் கொஞ்சம் உள்ளே விட்டதும் ஈரம். இன்னும் உள்ளே, பழைய தாள்கள் மட்கிப் பஞ்சு போலக் கிடந்தன. அதற்கும் கீழே மண், வடிகட்டிய காப்பித் தூளைப் போலக் கறுப்பாக, சில்லென்று. மழை நின்று மூன்று வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. தூரைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. கல்யாண வீட்டில் பெரியவர்கள் “ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரோடி” என்று வாழ்த்தும்போது ஆலமரம்தான் என் கண்ணில் நிற்கும். அன்றைக்குத்தான் அந்த வாழ்த்தின் மறுபாதி என் விரலில் பட்டது.

எதிரே இரண்டு மலைகள் சேரும் மடிப்பைக் காட்டினார் அவர். அங்கே மட்டும் அடர்பச்சையாகக் குட்டை மரங்கள் நெருக்கியடித்து நின்றன. “அதுதான் சோலை. அது காலடியிலதான் தண்ணி இறங்குது.” காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் ஓடைச் சத்தம் மெல்லியதாக வந்தது.

நான் பிறந்தது கோபிசெட்டிபாளையம் பக்கம், கீழ்பவானி வாய்க்கால் கரை ஓரம். ஆகஸ்ட் மாதம் பிறந்துவிட்டால் எங்கள் ஊரில் யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான், “வாய்க்கால்ல தண்ணி உட்டாச்சா?” அந்தத் தண்ணீர் பவானிசாகர் அணையிலிருந்து வருகிறது என்பது வரைக்கும் தெரியும். அணைக்குப் பவானியும் மாயாறும் கொண்டுவந்து சேர்க்கின்றன என்பதும் பாடத்தில் உண்டு. அந்த ஆறுகளுக்குத் தண்ணீர் கொடுப்பது ஒரு புல்லின் அடித்தூர் என்று எனக்கு ஒருவரும் சொன்னதில்லை. நானும் யாரையும் கேட்டதில்லை. மொட்டைச் சரிவைப் பார்த்தால் “யாரோ மரத்தையெல்லாம் வெட்டித் தீர்த்துவிட்டார்கள், திரும்ப நட வேண்டும்” என்றுதான் எனக்கும் தோன்றும். நூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்த மலையை ஆண்டவர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. நீலகிரியும் பழனி மலையும் இழந்தவற்றில் பெரும்பகுதிக்கு இந்த எண்ணமே காரணம் என்பதால், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்துக்கு மேலே போனால் நிலம் இரண்டு விதமாகப் பிரிந்து கிடக்கும். மடிப்புகளிலும் ஓடைக் கரைகளிலும் சோலைக்காடு. மேடுகளிலும் சரிவுகளிலும் புல்வெளி. இரண்டுக்கும் நடுவே கத்தியால் வெட்டியது போல எல்லை. புல்லில் நின்று நாலு எட்டு வைத்தால் சோலைக்குள் இருப்போம். உள்ளே நாவல் இனத்து மரங்களும் காட்டுச் செண்பகமும், அவற்றின் உடம்பெல்லாம் பாசியும் பெரணியும் ஆர்க்கிட்டுமாக இருட்டிக் கிடக்கும். வெளியே ஒரு மரமும் இருக்காது. காட்டுப் பூவரசு என்கிற ரோடோடென்ட்ரான் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புல்லுக்கு நடுவே சிவப்புப் பூவோடு தனியாக நிற்கும். உலகம் முழுக்க உள்ள தாவரவியலாளர்கள் இந்தக் காட்டை ‘சோலா’ என்றே எழுதுகிறார்கள். நம் சொல்தான்.

புல் ஏன் புல்லாகவே நிற்கிறது? மழைக்குக் குறைவில்லை. 2019 ஆகஸ்டில் இதே மேற்கு நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. இத்தனை மழை பெய்யும் இடத்தில் காடு அல்லவா இருக்க வேண்டும்?

இந்தக் கேள்வியில் சூழலியலின் பழைய சண்டை ஒன்று ஒளிந்திருக்கிறது. பள்ளியில் ‘தாவர வழிமுறை வளர்ச்சி’ என்று படித்திருப்போம். வெறும் பாறையில் முதலில் லைக்கன் ஒட்டும், பிறகு பாசி, பிறகு புல், புதர், கடைசியில் மரம். ஃபிரெடெரிக் கிளெமென்ட்ஸ் என்ற அமெரிக்கர் 1916-இல் இதை ஒரு கோட்பாடாகவே எழுதினார். ஒவ்வொரு தட்பவெப்பத்துக்கும் ஒரு முதிர்ந்த நிலை உண்டு, நிலம் படிப்படியாக அதை நோக்கியே போகும் என்பது அவர் வாதம். இதை அப்படியே ஏற்றுக்கொண்டால், புல்வெளி என்பது பாதி வழியில் நின்றுபோன காடு. நின்றுபோனது என்றால் யாரோ நிறுத்தியிருக்க வேண்டும். தீ வைத்தவர்கள், மாடு மேய்த்தவர்கள் என்று குற்றவாளியைத் தேடத் தொடங்குவோம். 1938-இல் என்.எல். போர் என்ற வன அதிகாரி கிட்டத்தட்ட அதைத்தான் எழுதினார்.

அதே 1938-இல் சி.ஆர். ரங்கநாதன் என்ற இன்னொரு வன அதிகாரி வேறு ஒன்றைச் சொன்னார். இந்த மலையில் புல்லும் சோலையும் அவை அவை இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கின்றன, சோலை வெளியே பரவாமல் தடுப்பது உறைபனி என்றார். மேகமில்லாத இரவில் திறந்த வெளி தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும். மரக் கூரைக்கு அடியில் அந்தச் சூடு கொஞ்சம் தங்கும். சோலை மரத்தின் விதை புல்வெளியில் விழுந்து முளைத்தாலும், டிசம்பர், ஜனவரியில் ஏதாவது ஓர் இரவு அதன் இலைக்குள் இருக்கும் நீர் உறைந்து, திசு கிழிந்து, காலையில் வெந்நீர் ஊற்றியது போலக் கருகிப்போகும். புல்லுக்கு அந்தக் கவலை இல்லை. அதன் வளரும் குருத்து தூருக்குள்ளே, மண்ணை ஒட்டி, சென்ற ஆண்டின் காய்ந்த தாள்களைப் போர்த்திக்கொண்டு பத்திரமாக இருக்கும். மேலே கருகுவது சட்டைதான். அடுத்த மழைக்குப் புதிது வந்துவிடும்.

இது நல்ல விளக்கம். ஆனால் அன்றைக்குச் சான்று போதவில்லை. சான்று சகதியிலிருந்து வந்தது. நீலகிரியின் பள்ளத்தாக்கு ஒன்றில் பல்லாயிரம் ஆண்டுகளாகத் தாவரங்கள் மட்கியும் மட்காமலும் அடுக்கடுக்காகப் படிந்த கரிச் சதுப்பு இருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ராமன் சுகுமாரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் அதன் அடுக்குகளைத் தோண்டி எடுத்து, உள்ளே இருந்த கார்பனை அளந்தார்கள். கார்பனில் சற்றே கனமான ஒரு வகை உண்டு, கார்பன்-13 என்று பெயர். மரங்களும் வெப்பமண்டலப் புற்களும் ஒளிச்சேர்க்கை செய்யும் விதம் வேறுவேறு. அதனால் அந்தக் கனமான கார்பன் புல்லின் உடம்பில் சற்றுக் கூடுதலாகவும், மரத்தின் உடம்பில் குறைவாகவும் சேரும். செடி மட்கினாலும் இந்தக் கணக்கு மாறாது. ஆக, சகதியின் ஒவ்வோர் அடுக்கும் அந்தக் காலத்தில் சுற்றிலும் இருந்தது புல்லா மரமா என்று சொல்லிவிடும். 1993-இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு இது: சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே, பனியூழி உச்சத்தில் இருந்தபோது, இங்கே புல் கோலோச்சியது. பிறகு மழை கூடிய காலத்தில் மரம் பெருகியது, வறண்ட காலத்தில் மறுபடி புல். கோடரியும் மாட்டு மந்தையும் இந்த மலைக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே புல் இங்கே குடியிருந்திருக்கிறது.

உறைபனி வாதத்தை நேரடியாகச் சோதித்துப் பார்த்தது 2020-இல் வெளியான இன்னோர் ஆய்வு. அதுல் ஜோஷி, ஜெயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் மூவரும் செய்தது. சோலை மரக் கன்றுகள் புல்வெளியின் குளிர் இரவுகளில் பிழைக்கத் திணறின. ரங்கநாதன் கண்ணால் பார்த்துச் சொன்னது 80 ஆண்டுகளுக்குப் பிறகு நிரூபணம் ஆனது. ஒரே மண், ஒரே மழை, ஆனாலும் நிலம் இரண்டு நிலைகளில் ஏதாவது ஒன்றில் உறுதியாக நிற்க முடியும் என்பதைச் சூழலியலாளர்கள் ‘மாற்று நிலைபேறுகள்’ என்கிறார்கள். இந்த மலையில் புல்லும் முதிர்ந்ததுதான், சோலையும் முதிர்ந்ததுதான். புல் காடாக மாறுவதற்காக யாருக்கும் காத்திருக்கவில்லை.

அந்த ஆய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது. சோலைக் கன்றுகள் செத்த அதே வெளியில் சீகைக் கன்றுகள் தாக்குப்பிடித்தன. சீகை என்று நீலகிரியில் சொல்வது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டில் மரத்தை.

அது எப்படி வந்தது என்பதற்கு 1819-க்குப் போக வேண்டும். கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் கோத்தகிரி வழியாக மலையேறினார். சில ஆண்டுகளில் உதகையில் வீடுகள், ஏரி, சந்தை எல்லாம் எழுந்தன. குளிருக்கு இதமாகக் கணப்பு எரிய விறகு வேண்டும். பக்கத்துச் சோலைகளை வெட்டி எரித்தார்கள். சோலை மரம் மெதுவாக வளர்வது, வெட்டிய வேகத்துக்கு அது ஈடுகொடுக்கவில்லை. 1840-களில் வேகமாக வளரும் ஆஸ்திரேலிய மரங்களைத் தருவித்தார்கள். ஒன்று யூக்கலிப்டஸ், இன்னொன்று வாட்டில். சோலையை வெட்டிய இடத்தில் நட்டதோடு நிற்கவில்லை, ‘சும்மா கிடக்கிற’ புல்வெளியிலும் நட்டார்கள். யூக்கலிப்டஸ் இலையை வடித்து எடுத்த எண்ணெய்க்கு நீலகிரித் தைலம் என்று பெயர் வந்தது. சளி பிடித்தால் நெஞ்சில் தேய்க்காத தமிழ் வீடு உண்டா? எங்கிருந்தோ வந்த மரத்தின் எண்ணெய் இந்த மலையின் பெயரைச் சுமந்துகொண்டு வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தது. மலைக்கு உரிய புல்லின் பெயர் மலையடிவாரத்தில்கூட யாருக்கும் தெரியவில்லை.

விடுதலைக்குப் பிறகு வேகம் பல மடங்கு கூடியது. ஐந்தாண்டுத் திட்டங்களில் வனத்துறைக்கு இலக்கு குறித்தார்கள், இத்தனை ஹெக்டேர் நட வேண்டும் என்று. சீகைப் பட்டையைத் தோல் பதனிடும் தொழில் கேட்டது. கட்டையை மரக்கூழாக்கி ரேயான் இழை எடுக்கச் சிறுமுகை விஸ்கோஸ் ஆலை கேட்டது. நட்டவர்கள் கெட்ட எண்ணத்தோடு நட்டதாக நான் நினைக்கவில்லை. பல அதிகாரிகள் தரிசைக் காடாக்குகிறோம் என்று பெருமைப்பட்டே நட்டிருப்பார்கள். வருவாய்க் கணக்கில் அந்த நிலத்துக்குப் பெயரே தரிசு. நம் பேச்சிலும் புல்லுக்கு மதிப்பு இல்லை. ஒன்றைத் துச்சமாக நினைத்தால் ‘புல்லாய் மதித்தான்’ என்கிறோம். வீடு பாழடைந்தால் ‘புல் முளைத்துக் கிடக்கிறது’ என்கிறோம். இந்தப் பார்வையோடு மலையேறிய எவருக்கும் அந்தச் சரிவு காலியாகத்தான் தெரிந்திருக்கும். போதாக்குறைக்குத் தேயிலை ஒரு பக்கம், உருளைக்கிழங்கும் கேரட்டும் ஒரு பக்கம், குந்தா மின் திட்டத்து அணைகளின் நீர்ப்பரப்பு ஒரு பக்கம் என்று புல்வெளியைப் பங்கிட்டுக்கொண்டன.

தண்ணீருக்கு என்ன ஆனது என்று அளந்து பார்த்தவர்கள் உதகையின் மத்திய மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார். அவர்கள் செய்த விதம் எளிமையானது, அதனாலேயே எனக்கு மிகவும் பிடித்தது. கிளென்மார்கனில் அக்கம்பக்கமாக இருந்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றைப் புல்லாகவே விட்டார்கள். இன்னொன்றில் 1970-களின் தொடக்கத்தில் யூக்கலிப்டஸ் நட்டார்கள். இரண்டிலிருந்தும் ஓடைக்கு வரும் தண்ணீரை ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். மரம் வளர்ந்த முதல் 10 ஆண்டுச் சுற்றில் அந்த ஓடையின் நீர் 16 சதவீதம் குறைந்தது. மரத்தை வெட்டிய பிறகு அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்து வளர்ந்த இரண்டாம் சுற்றில் குறைவு சுமார் 25 சதவீதம் ஆனது. வேர் ஏற்கெனவே ஆழத்தில் ஊன்றியிருந்ததால் குடி கூடிவிட்டது.

காரணம் புரிந்துகொள்ளக் கடினமில்லை. மழை நின்று குளிர் வந்ததும் இந்த மலைப்புல் காய்ந்து உறங்கிவிடுகிறது. உறங்கும் செடி தண்ணீர் குடிப்பதில்லை. மழைக்காலத்தில் தூரும் மட்கிய தாளும் கரிய மண்ணும் சேர்ந்து உறிஞ்சி வைத்தது அப்படியே உள்ளே தங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே சதுப்புக்கும் சோலைக்கும் கசிந்து, ஓடையாகிறது. பிப்ரவரி, மார்ச்சிலும் ஓடை ஓடுவது இந்தச் சேமிப்பால்தான். யூக்கலிப்டஸும் சீகையும் ஆண்டு முழுக்கப் பச்சை. கோடையிலும் ஆழத்துத் தண்ணீரை இழுத்து இலை வழியாகக் காற்றில் விட்டுக்கொண்டே இருக்கும். நமக்கு எப்போது மிகவும் தேவையோ அப்போதுதான் அவை அதிகம் குடிக்கின்றன. கூடுதலாக, மழைநீரில் ஒரு பங்கு இலைக் கூரையிலேயே நின்று ஆவியாகிவிடும். மாயாறும் பவானியும் இப்படிப்பட்ட ஆயிரம் ஓடைகள் கூடி ஆனவை. என் ஊர் வாய்க்காலுக்கும் கிளென்மார்கன் ஓடைக்கும் உள்ள தொடர்பை நினைத்துப் பார்த்தபோது, அப்பா வரப்பில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்த கோடைகள் எனக்கு வேறு மாதிரி ஞாபகம் வந்தன.

தண்ணீர் ஒன்றுதான் நஷ்டம் என்றால்கூட எப்படியாவது ஈடுகட்டலாம். புல்லை நம்பி இருந்த உயிர்களுக்கு மாற்று இடமே கிடையாது. நெட்டைக்காலி என்று ஒரு பறவை வகை, அதில் நீலகிரி நெட்டைக்காலி இந்த மலைகளின் உச்சியில் மட்டுமே உண்டு. தவிட்டு நிறம், சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரியது, புல்லுக்குள் தரையிலேயே கூடு கட்டும். நாலு சீகை மரம் வளர்ந்து நிழல் விழுந்தால் புல் அடர்த்தி குறையும், பறவை இடத்தைக் காலி செய்துவிடும். எங்கே போகும்? கீழே போனால் வெப்பம். அடுத்த மலைக்குப் போக வேண்டுமென்றால் நடுவே பாலக்காட்டுக் கணவாய். இப்படிப்பட்ட உயரங்களைச் சூழலியலாளர்கள் ‘வானத்தீவுகள்’ என்கிறார்கள், கடலுக்குப் பதிலாகச் சமவெளியின் வெப்பம் சூழ்ந்திருக்கும் தீவுகள். தீவில் சிக்கிய உயிர்கள் தனித்தனியாகப் பரிணமிக்கும். சோலைக்குள் வாழும் ஒரு சிறு நீலப் பறவை கணவாய்க்கு வடக்கே ஒரு இனமாகவும் தெற்கே வேறொரு இனமாகவும் பிரிந்திருப்பது கண்டறியப்பட்டு, 2017-இல் அந்தப் பேரினத்துக்கே ‘சோலிகோலா’ என்று பெயரிட்டார்கள், சோலைவாசி என்று பொருள். புல்வெளிக்கும் இப்படித் தனக்கே உரிய குடிகள் உண்டு. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி காட்டு நிழலில் பூப்பதில்லை, இந்தத் திறந்த சரிவுகளில்தான் பூக்கிறது. 2018-இல் பூத்தது, அடுத்தது 2030.

வரையாட்டின் கதையும் இதுதான். நம் மாநில விலங்கு. செங்குத்துப் பாறை அதற்கு அடைக்கலம், புல்வெளி அதற்குச் சோறு. புல் சூரிய ஒளியைப் பிடித்து உடம்பாக்கிக்கொள்கிறது. ஆடு அந்தப் புல்லைத் தின்கிறது. சிறுத்தையும் புலியும் ஆட்டைத் தின்கின்றன. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் ஏறும் என்பது 1942-இல் ரேமண்ட் லிண்டெமன் ஓர் ஏரியை ஆராய்ந்து காட்டிய கணக்கு. அதனால் ஒரு புலி நடமாட எத்தனையோ ஆடு வேண்டும், அத்தனை ஆடு நிற்க ஒரு மலைச்சரிவே புல்லாக இருக்க வேண்டும். பாதிச் சரிவு சீகையானால் ஆடு பாதியாகக் குறையும் என்று நேர்க்கணக்கும் போட முடியாது. எஞ்சிய புல் துண்டு துண்டாகிவிட்டால் மந்தைகள் ஒன்றையொன்று சந்திக்காமல் போகும், குட்டிகளின் இரத்தக் கலப்பு குறையும், பாறையிலிருந்து புல்லுக்கு வரும் வழியில் மரத்தின் மறைவில் வேட்டை விலங்கு காத்திருக்கும். 2024-இல் தமிழ்நாட்டில் எடுத்த கணக்கில் வரையாடுகள் 1,031. ஒரு மாநிலம் முழுக்க ஆயிரம் என்றால், எங்கள் ஊர் ஆட்டுச் சந்தையில் ஒரு காலையில் நிற்பதைவிடக் குறைவு.

தொதவர்களை இங்கே சொல்லாமல் போனால் தவறு. எருமைகளோடு இந்தப் புல்வெளியில் காலங்காலமாக வாழ்ந்தவர்கள். அவர்களுடைய அரைவட்டக் கூரை வீட்டுக்கும் கோயிலுக்கும் வேய்வதற்கென்று சதுப்பில் வளரும் தனிப் புல் இருக்கிறது. எந்தப் புல்லை எப்போது அறுக்கலாம், எங்கே எருமை மேயலாம், எந்த ஓடை புனிதம் என்று மலையைத் துண்டு துண்டாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். ‘தரிசு’ என்று எழுதியவர்கள் அவர்களிடம் கேட்டுவிட்டு எழுதியிருக்கலாம். அவர்கள் ஊர்களைச் சுற்றிச் சீகையும் யூக்கலிப்டஸும் நெருங்கிய பிறகு, கோயில் கூரையைப் புதுப்பிக்க அந்தப் புல்லைத் தேடி வெகுதூரம் நடக்க வேண்டியிருக்கிறது.

பழனி மலையின் நிலைமை இன்னும் மோசம். எம். அரசுமணி, வி.வி. ராபின் முதலானோர் செயற்கைக்கோள் படங்களை வைத்து 1973-க்கும் 2014-க்கும் இடையிலான மாற்றத்தைக் கணக்கிட்டார்கள். நாற்பது ஆண்டுகளில் பழனி மலையின் புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. சோலைக்காட்டிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போனது, ஆனால் புல்லின் இழப்புதான் மிகப் பெரிது. வெட்டப்பட்ட காட்டுக்காகப் போராட ஆள் உண்டு. மரத்தால் மூடப்பட்ட புல்வெளிக்காக யார் குரல் எழுப்புவார்கள்? படத்தில் பார்த்தால் பச்சை கூடியிருக்கிறதே என்றுதான் தோன்றும். கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் கைப்பேசியில் எடுத்துவரும் உயர்ந்த மரங்களின் படங்கள் பல, ஒரு காலத்துப் புல்வெளியின் மேல் நிற்பவை.

நட்டதை வெட்டிவிட்டால் தீர்ந்ததா? சீகை அவ்வளவு எளிதாக விடாது. ஒரு மரம் உதிர்க்கும் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மேல்தோல் கெட்டி. தீ பட்டால், வெயில் நேராக விழுந்தால் தோல் வெடித்து முளைக்கும். அதாவது மரத்தை வெட்டித் திறந்துவிட்டால் அதுவே அழைப்பு. ஒரு மரம் நின்ற இடத்தில் கீரைப் பாத்தி போல நூற்றுக்கணக்கில் கன்று எழும்பும். அது அவரைக் குடும்பம், வேர் முடிச்சுகளில் காற்றின் நைட்ரஜனைப் பிடித்து மண்ணில் சேர்க்கும். சமவெளி வயலில் அது வரம். ஏழை மண்ணுக்குப் பழகிய மலைப்புல்லுக்கு அது சாபம், ஏனென்றால் கொழுத்த மண்ணில் களை முந்திக்கொள்ளும். இதோடு கோர்ஸ், புரூம் என்ற ஐரோப்பியப் புதர்களும் மஞ்சள் பூவோடு பரவிவருகின்றன. இரவுக் குளிர் குறைந்துகொண்டு வருவது இவற்றுக்கெல்லாம் கூடுதல் வசதி. புல்வெளிக்குக் காவல் நின்ற உறைபனியையே நாம் பலவீனப்படுத்துகிறோம்.

எல்லாச் சீகையையும் ஒரே வீச்சில் வெட்டுவதும் சரியல்ல என்பதைக் கொடைக்கானல் பக்கம் பார்க்கலாம். சோலையை ஒட்டிய பழைய சீகைத் தோப்புகளின் நிழலில் சோலை மரக் கன்றுகள் தாமாகவே வரத் தொடங்கியிருக்கின்றன. அந்த இடத்தில் சீகை உறைபனிக்குக் குடை பிடிக்கிறது. அங்கே பொறுமையாக இருந்து சோலையை வளரவிடுவது நல்லது. புல்வெளியில் புதிதாக ஏறும் சீகையை உடனே எடுப்பது நல்லது. ஒரே மரத்துக்கு இரண்டு இடத்தில் இரண்டு தீர்ப்பு. சூழலியல் என்ற சொல்லை 1866-இல் உருவாக்கிய எர்ன்ஸ்ட் ஹெக்கல் ‘வீடு’ என்ற பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதை எடுத்தார். எந்த உயிருக்கு எது வீடு என்று ஒவ்வொரு சரிவிலும் தனியாகக் கேட்டாக வேண்டும்.

2022-இல் தமிழ்நாடு அரசு அயல் ஊடுருவும் தாவரங்களை அகற்றவும் நிலத்தை மீட்கவும் ஒரு கொள்கையை வெளியிட்டது. நல்ல தொடக்கம். ஆனால் வெட்டுவதற்கு ஒப்பந்தம் விடுவது சுலபம், கட்டைக்கு விலை உண்டு. வெட்டிய பிறகு பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு கன்று பிடுங்க யார் கூலி கொடுப்பார்கள்? புல் தானாக வந்துவிடும் என்றும் நம்பிவிட முடியாது. நல்ல புல்வெளியிலிருந்து தூரைக் கொஞ்சமாகப் பிரித்தெடுத்து, நாற்றங்காலில் பெருக்கி, நெல் நாற்று நடுவது போல ஒவ்வொரு முடியாகச் சரிவில் நட வேண்டும். நான் பார்த்த ஒரு நாற்றங்காலில் பெண்கள் நாலு பேர் உட்கார்ந்து, ஒரு தூரை ஏழெட்டுத் துண்டாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு துண்டிலும் வேர் இரண்டு விரற்கடை இருக்கும்படி நகத்தால் கிள்ளினார்கள். “மரக்கன்றுன்னா நட்டதும் போட்டோ எடுக்க வருவாங்க. புல்லு நட வர்றவங்களைக் காணோம்” என்றார் ஒருவர், கை நிற்காமல்.

மரம் நடுவதை நான் எதிர்க்கவில்லை. எங்கள் ஊர் ஏரிக்கரையிலும் சாலையோரத்திலும் வேம்பும் புங்கும் இன்னும் நூறு நடலாம். மலைப்புல்வெளியில் நடாதீர்கள் என்பது மட்டும்தான் என் கோரிக்கை. பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளை வேனில் ஏற்றி மலைக்குக் கூட்டிப்போய் மரக்கன்று கொடுக்கிற நல்ல மனம் படைத்தவர்கள் அதே பிள்ளைகள் கையில் ஒரு மண்வெட்டியைக் கொடுத்துச் சீகைக் கன்று பிடுங்கச் சொல்லலாம்.

அப்பர் பவானியிலிருந்து இறங்கும்போது வெயில் ஏறியிருந்தது. பனி உருகிப் புல் முழுக்கச் சொட்டிக்கொண்டிருந்தது. என்னோடு வந்த காவலர் பேசிக்கொண்டே வழியில் குனிந்து குனிந்து எழுந்தார். முழங்கால் உயரச் சீகைக் கன்று ஒன்றைக் கண்டால் போதும், இரு கையாலும் அடியைப் பிடித்து, ஒரு முறுக்கு முறுக்கி, வேரோடு எடுத்து, மண்ணை உதறி, பாறைமேல் வேர் வானத்தைப் பார்க்கும்படி வைத்துவிட்டு நடந்தார். மண்ணில் போட்டால் மறுபடி பிடித்துக்கொள்ளுமாம். இது உங்கள் வேலையா என்று கேட்டேன். “வேலைன்னு யாரும் சொல்லலை சார். வர்ற வழியில இருக்கு, எடுக்கறேன்.” நானும் குனிந்தேன். முதல் கன்று பாதியில் முறிந்து வேர் உள்ளேயே நின்றுவிட்டது. அவர் திரும்பி வந்து, விரலால் மண்ணைத் தோண்டி, அந்த வேரை முழுசாக எடுத்து என் கையில் கொடுத்தார்.